பிப்ரவரில ப்ளேன் மரத்தை எல்லாம் மொட்டை அடிக்கிறாங்களே, இது மரத்துக்கு நல்லதா?

மைன்கரைவாசி

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ராங்க்ஃபர்ட்ல இருக்கேன். மைன் நதிக்கு தெக்குப் பக்கம், ம்யூசியம் எல்லாம் வரிசையா இருக்கிற ஷௌமைன்காய் ரோடு தெரிஞ்சவங்களுக்கு தெரியும், அங்க கரையோரம் பூரா ப்ளேன்னு சொல்ற நிழல் மரம்தான். கோடையில அதுக்கு கீழ நடந்தா வெயிலே தெரியாது. ஆனா இப்போ பிப்ரவரி கடைசி, வெட்டி முடிச்ச இடத்துல போய் பாருங்க, நடுவுல தடி, அதுல இருந்து நாலஞ்சு கை, ஒவ்வொரு கை நுனியிலயும் ஒரு கரடுமுரடான உருண்டை, அவ்ளோதான், பேருக்கு ஒரு குச்சி கூட கிடையாது. கிட்ட போய் ஒரு உருண்டையை பார்த்தேன், சுத்தி வர வட்ட வட்டமா புது வெட்டு, விரல் தடிமன்ல இருந்து கட்டைவிரல் தடிமன் வரைக்கும், உள்ள வெளுப்பா இருக்கு, அதுக்கு பக்கத்துலயே போன தடவை வெட்டின இடம் எல்லாம் பட்டை மூடி சுருக்கம் விழுந்து கிடக்கு.

இங்க மட்டும் இல்ல, ஸ்ட்ராஸ்பர்க் போனா அங்கயும் இதே கோலம், சுவிஸ்ல ஏரிக்கரைல பார்த்தா அங்கயும் இதே. இவ்ளோ பேர் சேர்ந்து ஒரே மாதிரி செய்றாங்கன்னா ஏதோ காரணம் இருக்கணும், ஆனா ஒரு மரத்தை வருஷா வருஷம் இப்படி வெட்டினா அது எப்படி தாங்குது, ஏன் கரெக்டா குளிர் முடியப்போற நேரத்துல வெட்டுறாங்க, வசந்தத்துல தளிர் விடறதுக்கு முன்னாடி அதுக்கு கொஞ்சம் மூச்சு விட டைம் கொடுக்க வேண்டாமா?

இதை கேக்க இன்னொரு காரணமும் இருக்கு. எங்க அபார்ட்மெண்ட் பின்பக்கம் ஒரு பெரிய மேப்பிள் நிக்குது, நாலாவது மாடி ஜன்னல் வரைக்கும் வந்துடுச்சு. கீழ் வீட்ல இருக்கிறவங்களுக்கு வெளிச்சம் இல்லையாம், அதனால ஓனர்ஸ் மீட்டிங்ல "ஆத்தங்கரை மரம் மாதிரி இதையும் வெட்டிடலாம், அதுங்க எல்லாம் நல்லாதானே இருக்கு"ன்னு ஒருத்தர் பேச ஆரம்பிச்சிருக்கார். என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொப்புவெட்டி

வணக்கம். நான் சுவிஸில ஒரு தோட்ட வேலை கொம்பனியில இருக்கிறன், தை மாசி முழுக்க எங்களுக்கு இந்த வேலைதான், அதால உங்கட கேள்விக்கு கொஞ்சம் நீட்டாவே பதில் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

முதல் விசயம், மரம் சாகாது. நீங்கள் பாத்த அந்த உருண்டை தற்செயலா வந்ததில்லை. மரம் சின்னனா, தண்டு கையால பிடிக்கிற மொத்தமா இருக்கேக்கையே எந்த உயரத்தில எத்தினை கை விடவேணும் எண்டு தீர்மானிச்சு வெட்டிப்போடுவினம். பிறகு ஒவ்வொரு முறையும் அதே இடத்திலதான் வெட்டு விழும், ஒரு சாண் மேல இல்லை, ஒரு சாண் கீழ இல்லை. வெட்ட வெட்ட அந்த இடத்தில மரம் காயத்தை மூடி மூடி வீங்கி அப்பிடி ஒரு குமிழ் வந்திடும். பிரெஞ்சுக்காரர் அதை பூனைத்தலை எண்டு சொல்லுறவை. அந்தக் குமிழுக்குள்ள நித்திரை மொட்டுகள் கனக்க இருக்கு, சத்தும் அங்கதான் சேந்து கிடக்கும். ஒரே கோடையில ஒரு பிளேன் அந்தக் குமிழில இருந்து ரெண்டு மீற்றர் நீளத்துக்கும் தடி விடும், இலையும் வழமையை விடப் பெரிசா வரும், ஏனெண்டா வேர் முழு மரத்துக்கு உரிய வேர், ஆனா மேல சாப்பாடு கேக்கிற வாய் கொஞ்சம்தான்.

வேலை எப்பிடி நடக்கும் எண்டா, ரோட்டை ஒரு பக்கம் மறிச்சுப்போட்டு தூக்கி வண்டியில ஒராள் மேல போவார், கையில வளைஞ்ச கைவாளும் வெட்டுக்கத்திரியும். மோட்டர் வாளை குமிழுக்குக் கிட்ட கொண்டுபோக நாங்கள் விடுறேல்லை, ஒருக்கா வழுக்கினா குமிழ் போச்சு. தடியை அது தொடங்கிற இடத்தோட ஒட்டி வெட்டவேணும், ஆனா குமிழுக்குள்ள இறங்கக் கூடாது. ஒரு விரல் அளவு கட்டையை மிச்சம் விட்டாலும் பிழை, அது காஞ்சு உக்கி அதுக்குள்ளால பூஞ்சணம் இறங்கும். புதுசா வாற பெடியள் ரெண்டு பிழையும் விடுவினம், அதால முதல் வருசம் கீழ நிண்டு தடி பொறுக்கிற வேலைதான் அவைக்கு. விழுந்த தடி எல்லாத்தையும் அதே இடத்தில மிசினில போட்டு சிராய் ஆக்கி ஏத்திக்கொண்டு போயிடுவம்.

பிளேன் மரத்தில இன்னொரு கவனம் இருக்கு, ஒரு மரம் முடிச்சு அடுத்த மரத்துக்குப் போக முதல் வாளைத் துடைச்சு மருந்தடிக்க வேணும். ஏன் எண்டு தெற்கு பிரான்ஸ்ல இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ, நல்லா சொல்லுவினம்.

மாசியில ஏன் எண்டா, இலை இல்லாத நேரம் எது எங்க இருக்கு எண்டு வடிவா தெரியும், குருவி கூடு கட்டத் தொடங்கேல்லை, மரமும் நித்திரை. கடும் உறைபனி நாளில வெட்டமாட்டம், அது முடியிற மட்டும் பாத்து நிப்பம்.

வேர்க்கால்

கொப்புவெட்டி அண்ணா சொன்னதுக்கு மேல செய்முறை பத்தி சொல்ல ஒண்ணும் இல்ல, ஏன் தாங்குதுங்கிறதை மட்டும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

சகோ, "தளிர் விடறதுக்கு முன்னாடி மூச்சு விட டைம் கொடுக்க வேண்டாமா"ன்னு கேட்டீங்களே, அது தலைகீழ். இலை உதிர்றதுக்கு முன்னாடியே மரம் இலையில இருக்கிற சத்தை முடிஞ்ச அளவுக்கு உள்ள இழுத்துக்கும், கோடை பூரா சம்பாதிச்ச மாவுச்சத்து தண்டுலயும் வேர்லயும் இருப்புல இருக்கும். பிப்ரவரில வெட்டினா போறது ஒண்ணு ரெண்டு வருஷத்து குச்சி மட்டும், கையிருப்புல பெருசா கை வைக்கல. அதையே மே மாசம் இலை விரிஞ்ச உடனே வெட்டினீங்கன்னா இருந்த சேமிப்பை எல்லாம் அப்பதான் இலைக்கு செலவு பண்ணி முடிச்சிருக்கும், வரவு இன்னும் ஆரம்பிக்கல, அந்த நேரத்துல இலையும் போச்சுன்னா திண்டாடிடும். நம்ம ஊர்ல காய்ப்பு முடிஞ்ச முருங்கையை மொட்டையா வெட்டி விட்டா அடுத்த சீசனுக்கு எப்படி வெடிச்சு கிளம்பும், அதே கவாத்து கணக்குதான் இதுவும்.

ஆனா இங்க ஒரு முக்கியமான விஷயம், உங்க மேப்பிளுக்கு இதுதான் பதில். அலெக்ஸ் ஷைகோன்னு ஒரு அமெரிக்க மர விஞ்ஞானி, ஆயிரக்கணக்கான மரத்தை நீளவாக்குல அறுத்து உள்ள அழுகல் எப்படி பரவுதுன்னு பார்த்தவர். மனுஷனுக்கு புண்ணு ஆறி புது சதை வர்ற மாதிரி மரத்துக்கு வராது, அது காயத்தை சுத்தி உள்ளுக்குள்ள சுவர் எழுப்பி அந்த பகுதியை அடைச்சிட்டு வெளிய புதுசா வளர்ந்துக்கும்கிறது அவர் விளக்கின விஷயம். சின்ன வெட்டா இருந்தா சுவர் நிக்கும். விரல் தடிமன், கட்டைவிரல் தடிமன் குச்சியை வெட்டினா ஒண்ணு ரெண்டு சீசன்ல மூடிடும். 10 செ.மீ, 20 செ.மீ தடிமன் கிளையை நடுவுல வெட்டினா மூட பல வருஷம் ஆகும், அதுக்குள்ள நடுக்கட்டை அழுகிடும், அழுகின கட்டையோட விளிம்புல இருந்து புதுசா கிளம்புற குச்சிங்க எல்லாம் மேல் பட்டையோட மட்டும் ஒட்டிட்டு இருக்கும், அஞ்சாறு வருஷத்துல கனம் ஏறி ஒரு காத்துல பேந்து கீழ வரும்.

ஆத்தங்கரை ப்ளேன் மரத்துக்கு நடக்கிறது முதல் வகை. உங்க மேப்பிளுக்கு அவர் செய்ய சொல்றது ரெண்டாவது வகை. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி மொட்டையா இருக்கும், அதுதான் பிரச்சனையே. அதுவும் இல்லாம மேப்பிள், பிர்ச், வால்நட் இதெல்லாம் குளிர் கடைசில வெட்டினா வெட்டின இடத்துல இருந்து சாறு சொட்டு சொட்டா ஒழுகும், அதுங்களுக்கு இந்த டைமே ஆகாது.

லண்டன்தூறல்

லண்டன்லயும் இதே கதைதான், ஆனா காரணம் கொஞ்சம் வேற, அதை யாரும் சொல்லலியேன்னு எழுதறேன்.

இங்க விக்டோரியா காலத்து தெருக்கள்ல நிறைய நட்டது ப்ளேனும் லைம் மரமும்தான், லைம்னா எலுமிச்சை இல்ல, ஜெர்மன்ல லிண்டன்னு சொல்றாங்களே அது. நிலக்கரி புகையை தாங்கி நின்ன மரம்கிறதால ப்ளேனை இஷ்டத்துக்கு நட்டாங்க. கீழ இருக்கிறது களிமண். கோடையில வேர் தண்ணி இழுக்க இழுக்க களிமண் சுருங்கும், அதுக்கு மேல ஆழமில்லாத அஸ்திவாரத்துல நிக்கிற பழைய வீடு ஒரு பக்கம் இறங்கி சுவர்ல படிக்கட்டு மாதிரி விரிசல் விடும். 1976ல வந்த பெரிய வறட்சிக்கு அப்புறம் இந்த விரிசலுக்கு இன்சூரன்ஸ் கேக்கிறது ரொம்ப அதிகமாச்சு. கவுன்சில் மேல கேஸ் வரும்கிற பயத்துல நிறைய இடத்துல தெரு மரங்களை ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சைக்கிள் போட்டு வெட்டுறாங்க. இலை கம்மியானா தண்ணி இழுக்கிறதும் கம்மி. ஒரு தடவை வெட்டிட்டு விட்டா பிரயோஜனம் இல்ல, சில வருஷத்துலயே பழைய அளவுக்கு இலை வந்துடும்.

அதே ப்ளேன் மரம் இடம் இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா பெர்க்லி ஸ்கொயருக்கு போங்க, 1789ல நட்டது, ஒண்ணொண்ணும் ராட்சசன். பெரிய கிளை எல்லாம் அதது போக்குல விட்டிருக்காங்க, அடில நின்னா அண்ணாந்து பார்க்க கழுத்து வலிக்கும். அங்க இருந்து கொஞ்சம் தள்ளி ஏதாவது குறுகலான வீட்டுத் தெருவுக்குள்ள திரும்பினா அதே ஜாதி மரம் மொட்டையா முண்டு முண்டா நிக்கும். ஜாதி ஒண்ணுதான், விதி வேற.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது எப்பிங் ஃபாரஸ்ட் கதை. லண்டனுக்கு வடகிழக்குல இருக்கு, அங்க இருக்கிற பழைய ஹார்ன்பீம், பீச், ஓக் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல வெட்டி வெட்டி வளர்த்தது. ஆடு மாடு மான் எல்லாம் கீழ மேயும், அதுங்க வாய்க்கு எட்டாத உயரத்துல விறகு வளரும், ஒரே நிலத்துல ரெண்டு விளைச்சல். லௌட்டன் ஊர் ஜனங்களுக்கு நவம்பர் 11 ராத்திரி தொடங்கி ஏப்ரல் 23 வரைக்கும் கிளை வெட்டிக்கிற உரிமை இருந்தது. 1860கள்ல நிலத்துக்காரங்க வேலி போட ஆரம்பிச்சப்போ தாமஸ் வில்லிங்கேல்னு ஒரு பெரியவர் நான் வெட்டியே தீருவேன்னு நின்னார், அவர் வீட்டு ஆளுங்க ஜெயிலுக்கே போனாங்க. கடைசில 1878ல சட்டம் போட்டு காட்டை காப்பாத்தினாங்க, ஆனா வேடிக்கை பாருங்க, அதே சட்டத்துல கிளை வெட்டுற உரிமையும் போயிடுச்சு, அதுக்கு ஈடா ஊருக்கு ஒரு ஹால் கட்டி கொடுத்தாங்க, 1884ல திறந்தது, லாப்பிங் ஹால்னு இன்னிக்கும் இருக்கு.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். வெட்டுறதை நிறுத்தின உடனே பழைய முண்டுல இருந்து கிளம்பின கிளை எல்லாம் நூறு வருஷத்துக்கு மேல வளர்ந்து ஒவ்வொண்ணும் ஒரு தனி மரம் மாதிரி ஆயிடுச்சு. கீழ ஒரே பழைய தண்டு, அதுவும் உள்ள பொந்து, மேல அத்தனை பாரம். பீச் மரம் எல்லாம் பொளந்து விழுந்தது. இப்போ சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் ஆளுங்க கொஞ்சம் கொஞ்சமா பாரத்தை குறைச்சு திரும்ப பழைய முறைக்கு கொண்டுவர பாக்கிறாங்க, எல்லா மரமும் ஒத்துக்கறதில்ல.

நிழல்தேடி

நான் எதிர்க்கட்சி. மோன்பெலியே பக்கம் இருக்கேன், கொப்புவெட்டி அண்ணா சொன்ன "தெற்கு பிரான்ஸ் ஆக்கள்ல" நானும் ஒருத்தன் :)

முதல்ல அந்த வாள் கழுவுற விஷயத்தை சொல்லிடறேன். ப்ளேன் மரத்துக்கு ஒரு பூஞ்சை நோய் இருக்கு, சாறு போற குழாயை அடைச்சு சில வருஷத்துல மரத்தையே கொன்னுடும், வந்தா மருந்து கிடையாது. இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்தோட மரப்பெட்டியில வந்ததுன்னு சொல்றாங்க. கனால் து மிதி கால்வாய்க்கரைல 2006ல கண்டுபிடிச்சாங்க, அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல ப்ளேன் மரத்தை வெட்டி அங்கயே எரிச்சாங்க. படகு உரசின காயம், வேரோட வேர் ஒட்டினது, அழுக்கு வாள், எல்லா வழியிலயும் பரவும். வருஷா வருஷம் ஒரு மரத்துல எத்தனை புது காயம் பண்றீங்கன்னு எண்ணிப் பாருங்க, ஒவ்வொண்ணும் ஒரு திறந்த கதவு.

அதை விடுங்க, என் பிரச்சனை நிழல். இங்க ஜூன்லயே கொளுத்துது. வெட்டின மரம் இலை விட்டு அடர்த்தி ஆக நாள் ஆகும், அடர்த்தி ஆனாலும் அது ஒரு சின்ன உருண்டை, சுதந்திரமா விட்ட மரத்தோட கூரையில கால்வாசி கூட வராது. விறகு யாரும் எடுக்கல, மாட்டுக்கு இலை தழை யாரும் போடல, கூடை பின்னல. அப்புறம் எதுக்கு? எங்க ஊர் நகராட்சியில கேட்டா "எப்பவும் இப்படிதான் வெட்டுறோம்"ங்கிறதுதான் பதில். லிஃப்ட் வண்டி, ஆள் கூலி, ரோட்டை மறிக்கிறது, எல்லாம் வருஷா வருஷம். இதுல ஒரு அழகு இருக்குன்னு வேற சொல்றாங்க, எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது கண்ணுக்கு தெரியல. பிரான்ஸ்ல 2016 சட்டத்துக்கு அப்புறம் ரோட்டோர மர வரிசையை இஷ்டத்துக்கு வெட்டி சாய்க்கவோ கெடுக்கவோ முடியாது, நல்லது, ஆனா இந்த மொட்டையை "பராமரிப்பு"ன்னு சொல்லி செஞ்சுட்டே இருக்காங்க.

கொப்புவெட்டி

நிழல்தேடி தம்பி, நீங்கள் சொல்லுறதில பாதிக்கு நான் ஓம். புதுசா நடுற மரத்தை இப்பிடி வளக்கத் தேவையில்லை, இடம் சின்னன் எண்டா சின்ன சாதி மரத்தை நடவேண்டியதுதானே. ஆனா ஏற்கனவே அறுபது எழுவது வருசம் வெட்டின மரத்தை நாளைக்கு சும்மா விடச் சொன்னா நான் மாட்டன். மேல லண்டன்காரர் எழுதினதை வாசிச்சனீங்கள்தானே? காட்டில பொளந்து விழுந்தா பரவாயில்லை, இஞ்ச கீழ பிள்ளையள் சைக்கிள் ஓடுதுகள். எங்கட பொஸ் ஒருக்கா காசு மிச்சம் பிடிக்க எண்டு ஒரு வரிசையை கன வருசம் விட்டுப்போட்டார், பிறகு வெட்டப் போகேக்க தடி எல்லாம் தொடை மொத்தம், ஒவ்வொரு குமிழிலயும் பெரிய காயம், அந்த வரிசை பிறகு முன்னைய மாதிரி வரவே இல்லை.

நிழல் விசயத்திலயும் ஒண்டு சொல்லவேணும். கோடையில மட்டும் நிழல் வேணும், குளிரில சூரியன் வேணும் எண்ட இடத்துக்கு இது மாதிரி வேற ஒண்டும் இல்லை. கைகளை மேல விடாமல் படுக்கையா இழுத்துக் கட்டி மேசை மாதிரி வளக்கிறம், ஆனி ஆடியில கீழ கதிரை போட்டு இருந்து பாருங்கோ, வீட்டுக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கும். வெட்டின மரம் அடர்த்தியாக நாள் எடுக்கும் எண்டது உண்மைதான், அதுக்கு என்னட்ட பதில் இல்லை.

பயணப்பித்தன்

படுக்கையா வளக்கிறதுன்னா ஸ்பெயின்ல புர்கோஸ் போய் பாருங்க, ஆத்தோரமா எஸ்போலோன்னு ஒரு நடைபாதை, ரெண்டு பக்க ப்ளேன் மரத்தோட கிளையையும் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து ஒட்ட வச்சிருக்காங்க, எந்த கிளை எந்த மரத்தோடதுன்னே தெரியாது. குளிர்ல இலை இல்லாதப்ப போனாதான் அந்த ஒட்டு தெரியும், ஒரு மரத்துக் கை அடுத்த மரத்துக் கைக்குள்ள அப்படியே புகுந்து போகுது, பட்டை கூட மூடிடுச்சு.

மைன்கரைவாசிக்கு அவ்ளோ தூரம் கூட வேண்டாம், பக்கத்துல டார்ம்ஸ்டாட் இருக்கே, மாத்தில்டன்ஹோஹெ மேட்டுல ப்ளேன் தோப்பு ஒண்ணு இருக்கு, வெட்டி கூரை மாதிரி வளர்த்தது, உள்ள ஹோயட்கர் செஞ்ச சிலைங்க இருக்கும். 2021ல யுனெஸ்கோ லிஸ்ட்ல வந்துச்சு. மார்ச்சுக்குள்ள ஒரு தடவை, ஜூலைல ஒரு தடவை போங்க, ஒரே இடம்னு சொல்ல மாட்டீங்க.

நீர்நாடு

ஹாலந்துல இருந்து ஒரு சின்ன குறிப்பு. இங்க ப்ளேனை விட வில்லோ மரம்தான் இப்படி, வாய்க்கால் ஓரம் வயல் ஓரம் எல்லாம் வரிசையா, வான் கோ கூட நிறைய வரைஞ்சிருக்கார். ஒரு காலத்துல அந்த கம்பு கூடைக்கும் வேலிக்கும் கரை அரிக்காம கட்டுறதுக்கும் போச்சு, இப்போ பல இடத்துல சனிக்கிழமை ஆனா ஊர்க்காரங்க தன்னார்வமா வாளை தூக்கிட்டு வந்து வெட்டுறாங்க. நானும் போவேன், வேலை முடிஞ்சா சூப் கொடுப்பாங்க. பழைய தலையில பொந்து விழுந்திருக்கும், அதுல சின்ன ஆந்தை கூடு வைக்கும், வாத்து கூட முட்டை போடும். நிழல்தேடி "எதுக்கு"ன்னு கேட்டதுக்கு இந்த ஊர்ல இதுவும் ஒரு பதில், பொந்து இருக்கிற மரம் வேற எங்க விட்டு வச்சிருக்கோம்?

மைன்கரைவாசி

இவ்ளோ பதில் வரும்னு நினைக்கவே இல்ல, எல்லாருக்கும் நன்றி. நிழல்தேடி சொன்னதும் எனக்கு நியாயமாதான் படுது, ஆனா இருக்கிற மரத்தை விட முடியாதுங்கிறதும் புரியுது. இப்போ எங்க மேப்பிளுக்கு வரேன். மீட்டிங்ல "வெட்டக்கூடாது"ன்னு மட்டும் சொன்னா அந்த கீழ் வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க, அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, பகல்லயே லைட் போட்டுதான் உக்காந்திருக்காங்க. வேற என்ன செய்யலாம்? அப்புறம் "மார்ச் 1க்குள்ள முடிக்கணும், இல்லைன்னா சட்டப்படி முடியாது"ன்னு ஒருத்தர் அவசரப்படுத்துறார், அது உண்மையா?

ஆவணப்பெட்டி

ஜெர்மனிலதான் இருக்கேன், வீட்டு நிர்வாக ஆஃபிஸ் ஒண்ணுல வேலை, இந்த சண்டை வருஷா வருஷம் எங்ககிட்ட வரும்.

அந்த தேதி இயற்கை பாதுகாப்பு சட்டத்துல 39ஆம் பிரிவு. மார்ச் 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும் வேலிச்செடி, புதர், அப்புறம் காட்டுக்கும் தோட்ட நிலத்துக்கும் வெளிய இருக்கிற மரங்களை ஒரேயடியா வெட்டக்கூடாது. ஆனா அந்த வருஷத்து வளர்ச்சியை லேசா திருத்துறது, மரத்தோட ஆரோக்கியத்துக்காக செய்ற சின்ன கவாத்து, இதுக்கு தடை இல்ல. அதனால "மார்ச்சுக்குள்ள முடிச்சே ஆகணும்"னு பறக்கிறவர் பெரிய வெட்டுக்குதான் பறக்கிறார்னு புரிஞ்சுக்கோங்க. குருவி கூடு இருந்தா எந்த மாசமா இருந்தாலும் தொடக்கூடாது, அது தனி. இதுக்கு மேல நிறைய ஊர்ல மர பாதுகாப்பு விதின்னு ஒண்ணு இருக்கு, தண்டு சுற்றளவு ஒரு அளவுக்கு மேல போனா நகராட்சி அனுமதி இல்லாம வெட்டவோ சிதைக்கவோ முடியாது, அபராதம் நல்லாவே போடுவாங்க. நாலு மாடி உயர மேப்பிள் அந்த அளவை தாண்டாம இருக்க வாய்ப்பு கம்மி. மீட்டிங்குக்கு முன்னாடி உங்க ஊர் விதியை பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, வாய்ப்பேச்சை விட பேப்பர் நல்லா வேலை செய்யும்.

வெளிச்சத்துக்கு, உயரத்தை குறைக்க வேண்டாம், உள்ள அடைசலா இருக்கிற சின்ன கிளைகளை கலைச்சு விட சொல்லுங்க, ஜன்னலுக்கு நேரா வர்ற ஒண்ணு ரெண்டு கிளையை அது கிளம்புற இடத்துல எடுக்க சொல்லுங்க, தாழ்வா தொங்குற சின்ன கிளைகளை எடுத்து மரத்தோட அடிப்பக்கத்தை கொஞ்சம் திறந்து விட சொல்லுங்க. கீழ் வீட்டுக்கு பெரும்பாலும் அந்த கடைசிதான் வித்தியாசம் காட்டும். மேப்பிளுக்கு இதை இலை நல்லா விரிஞ்சதுக்கு அப்புறம், கோடையில செய்றதுதான் சரி, வேர்க்கால் சொன்ன சாறு பிரச்சனையும் வராது.

கொட்டேஷன் வாங்கும்போது மர பராமரிப்பு தகுதி இருக்கிற ஆளா பாருங்க, "ஹவுஸ் க்ளீனிங், பனி அள்ளுறது, மரம் வெட்டுறது"ன்னு ஒரே கார்டுல போட்டிருக்கிறவங்க வேண்டாம். ஜெர்மன்ல இந்த வேலைக்குன்னு ஒரு தொழில் விதிமுறை இருக்கு, ஸெட்-டே-ஃபாவ் பௌம்ஃப்ளேகே (ZTV-Baumpflege)ன்னு சொல்வாங்க, அதுப்படி செய்றோம்னு எழுதி கொடுக்க சொல்லுங்க. பேப்பர்ல "காப்பூங்"னு ஒரு வார்த்தை இருந்தா தலையை அப்படியே வெட்டுறோம்னு அர்த்தம், அந்த விதிமுறை அதை சரியான வேலைன்னே ஒத்துக்காது, கையெழுத்து போடாதீங்க.

வேர்க்கால்

இதோட ஒண்ணு, மீட்டிங்ல செலவை பத்தி பேசுங்க, மரத்தோட நலனை பத்தி பேசினா பாதி பேர் போன் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. தலையை வெட்டினா அடுத்த ரெண்டு வருஷத்துல முன்னை விட அடர்த்தியா குச்சி கிளம்பி கீழ் வீடு திரும்ப இருட்டாகும், அப்புறம் அந்த குச்சி எல்லாம் விழாம இருக்க சில வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் ஏத்தணும், அந்த பில் எல்லா ஓனருக்கும் பங்கு போட்டு வரும்.